சேர்வராயன் மலையில் பருவம் பார்ப்பது குறித்து ஆசிரியத் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். நாகலூர்ப் பக்கத்துப் பள்ளியில் பணியேற்ற பின் நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. "இந்த மலையில் எந்த மாதம் பார்த்தாலும் ஒரே பச்சைதான், பருவம் மாறுவதைப் பிள்ளைகளுக்கு எதை வைத்துக் காட்டுவது?" என்று கேட்டிருந்தீர்கள். பாடப்புத்தகத்து இளவேனிலையும் இலையுதிர்காலத்தையும் இங்கே தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஏற்காட்டில் 'சீசன்' என்று விடுதிக்காரர்கள் சொல்வது மே மாதக் கூட்டத்தை. அதுவும் உங்களுக்கு உதவாது. இந்த மலையின் பருவத்தை மழையையும் உயரத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து. மலைமேல் வேலை பார்க்கும் மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரைத் தொடுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும் என்பதால், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும் ஒரே பேருந்துப் பயணத்தில் வெவ்வேறு காலங்களைப் பார்த்துவிட முடியும். வார இறுதியில் ஊருக்கு இறங்கும்போது சன்னலோரம் உட்காருங்கள். சனவரி கடைசியில் கீழ்ச்சரிவு மரங்களான உசிலையும் வெப்பாலையும் இலை உதிர்க்கத் தொடங்கியிருக்கும். மார்ச்சில் மூங்கில் புதர்கள் வைக்கோல் நிறத்துக்கு வந்து, அதுவரை இலைக்குப் பின்னால் மறைந்திருந்த பாறைகள் எல்லாம் வெளியே தெரியும். அதே நாளில் மேலே தோட்டங்கள் கரும்பச்சையாகவே நிற்கும். இங்கே இலை கொட்டுவது குளிருக்காக அல்ல, மண்ணில் ஈரம் வற்றுவதற்காக என்பதைப் பிள்ளைகளுக்கு அந்தச் சரிவைக் காட்டியே சொல்லிவிடலாம். கோடை மழை இரண்டு முறை நன்றாகப் பெய்துவிட்டால், சாம்பல் நிறத்தில் கிடந்த அந்தச் சரிவு சில வாரங்களுக்குள் தளிர்த்துவிடும். நீங்கள் சொல்லும் 'ஒரே பச்சை' காபித் தோட்டத்து நிழல் மரங்களின் பச்சை மட்டுமே.

ஆனால் அந்தத் தோட்டத்துக்குள்ளும் ஒரு நாட்காட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த செடி என்றாலும், காபி இன்று இந்த மலையின் மழையை அளக்கும் கருவியாகவே ஆகிவிட்டது. கணுக்களில் கட்டிய மொட்டுகள் வறண்ட மாதங்கள் முழுவதும் பச்சை நுனிகளாக அப்படியே உறங்கிக் கிடக்கும். மார்ச்சிலோ ஏப்ரலிலோ மண் நனையும்படி ஒரு மழை பெய்தால்தான் விழிக்கும். தோட்டக்காரர்கள் பூமழை என்று காத்திருப்பது இதற்குத்தான். மழை பெய்த எட்டு முதல் பத்து நாளில், முந்தின மாலை வரை வெளிறிய குச்சிகளாக நின்ற மொட்டுகள் சரிவு முழுவதும் ஒரே விடியலில் விரிந்துவிடும். குனிந்து ஒரு கிளையைப் பாருங்கள்: எதிரெதிர் இலைகளின் கக்கத்தில் ஐந்து இதழ்ப் பூக்கள் கொத்துக் கொத்தாக நெருங்கி, கிளையே வெள்ளைத் திரி சுற்றியது போல இருக்கும். மல்லிகையை ஒத்த வாசனை சாலை வரை வரும். தேனீக்களின் இரைச்சலும் கேட்கும். மூன்று நான்கு நாளில் இதழ்கள் பழுப்பாகிவிடும் என்பதால், அந்த வாரத்தில் தேர்வு ஏதும் வைக்காமல் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவது நல்லது. மழை பெய்த தேதியையும் பூத்த தேதியையும் அவர்களே எழுதி வைக்கட்டும். அந்தப் பூ பழமாகிச் சிவக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும். பறிப்புக் காலத்தில் பாதையோரக் கல்லின் மேல் காபிக் கொட்டைகள் அப்படியே ஒட்டிக் கிடக்கும் எச்சத்தைப் பார்த்தால், பழுத்ததை மட்டும் தேர்ந்து தின்ற மரநாய் இரவில் அவ்வழியே போயிருக்கிறது என்று அறியலாம்.

அக்டோபரும் நவம்பரும் பட்டாம்பூச்சிகளுக்கு உரியவை. நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகியவை மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை வலுக்கும் முன் கிழக்கே வந்து, வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மேற்கே திரும்புகின்றன. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை எல்லாம் அந்த வழியில் உள்ளவையே. மழை விட்ட காலையில் வெயில் படும் திறந்த சரிவில் நின்று, ஐந்து நிமிடத்தில் எத்தனை கடக்கின்றன, எந்தத் திசையில் போகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். கணக்குப் பாடத்துக்கும் ஆகும். காய்ந்த கிலுகிலுப்பைச் செடி கண்ணில் பட்டால் அங்கே நில்லுங்கள். ஆண் பூச்சிகள் அதன் தண்டில் மொய்த்து, உறிஞ்சுகுழலால் துழாவிக்கொண்டிருக்கும். அவை தேடுவது தேனை அல்ல. இணையைக் கவரும் மணத்துக்கும் தின்ன வரும் எதிரிகளுக்குத் தங்களைக் கசப்பாக்கிக்கொள்வதற்கும் வேண்டிய வேதிப்பொருளை.

பறவைகளில் வலசை வருபவை சிலவற்றைத் தெரிந்துகொண்டால் போதும். செப்டம்பர் வாக்கில் ஏரிக்கரையிலும் ஓடைக் கற்களிலும் வாலை ஓயாமல் ஆட்டும் சாம்பல் வாலாட்டி வந்துவிடும்; அக்டோபரில் ஆறுமணிக்குருவியின் இரட்டைச் சீழ்க்கை விடியலிலும் அந்தியிலும் கேட்கத் தொடங்கும். பாறைச் சரிவுப் புதர்களில் வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னான் ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பது. தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் இல்லாத அந்தப் பறவையை உங்கள் பிள்ளைகள் பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டும் என்பது என் தனி ஆசை. காட்டெருமைகளைப் பற்றி ஒரே சொல்: கோடையில் தண்ணீர் தேடித் தோட்டத்துக்குள் வரும் காலத்தில், பிள்ளைகளோடு புதரோரப் பாதைகளில் போக வேண்டாம்.

குறிப்பேடு எளிமையாக இருக்கட்டும். உண்ணிச்செடியைச் சேர்க்காதீர்கள், அது எப்போதும் பூத்துக்கொண்டிருக்கும், எதையும் சொல்லாது. பள்ளிக்கு அருகே நான்கைந்து மரங்களைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை தளிர், மொட்டு, பூ, காய் என்று குறித்தால் போதும். இடத்தின் உயரத்தையும் மழை பெய்த நாள்களையும் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள். மரங்களை இவ்வாறு வாரந்தோறும் குறித்து அனுப்ப 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் 2010 முதல் நடக்கிறது. பறவைகளுக்குப் பொங்கல் விடுமுறையில் தமிழகம் எங்கும் கணக்கெடுப்பு நடக்கிறது. இரண்டிலும் பள்ளிகள் கலந்துகொள்ளலாம். இவற்றுக்கு முன்பாக, ஊரில் உள்ள, மலையாளி என்றே அழைக்கப்படும் இந்த மலைப் பழங்குடியின் பெரியவர்களிடம் சாமை விதைக்க எந்த மழையைப் பார்த்து முடிவு செய்வார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டு வரச் சொல்லுங்கள். நான் இங்கே எழுதியதைவிட நுணுக்கமாக அவர்கள் சொல்வார்கள்.

தொடக்கமாகக் கல்யாண முருங்கையை எடுத்துக்கொள்வோம். இலை முழுவதும் கொட்டிய கிளையில் பிப்ரவரி, மார்ச்சில் சிவப்புப் பூ வரும். மைனாவும் கரிச்சானும் தேனுக்கு வந்து சண்டையிடுவதால் தவறவிடவும் முடியாது. உங்கள் பள்ளி அருகே முதல் பூ விரியும் தேதியை நீங்கள் எழுதி அனுப்புங்கள். மலைக்குக் கீழே, சேலம் கோரிமேட்டில் என் வீட்டு வேலியோரம் நிற்கும் மரத்தின் தேதியை நான் அனுப்புகிறேன். இரண்டுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்பதை மார்ச் கடைசியில் நீங்கள் இறங்கி வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
கோரிமேட்டு அண்ணன்