அந்த ஐந்து இடங்களைப் பற்றி மகளுக்கு

சிவமயம்

ஆத்தங்குடி,
கார்த்திகை மாதம், 2025

அன்புள்ள மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கு நானும் உன் ஆத்தாவும் அப்பத்தாவும் நலம். நேற்றுத் தொலைபேசியில் உன் குரலைக் கேட்ட பிறகு உன் நலத்தை விசாரிக்கத் தேவை இருக்கவில்லை. நீ பிரிட்டனில் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிப்பதற்காக, பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவலில் உனக்கு வேதியியலில் ஏ, கணிதத்திலும் இயற்பியலிலும் பி வரும் என்று பள்ளியில் மதிப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். "நீங்கள் முதல்வரிடம் ஒரு வார்த்தை பேசினால் கணிதத்தையாவது ஏ என்று போட்டுவிடுவார்கள், மற்றப் பிள்ளைகளின் வீட்டில் பேசுகிறார்கள்" என்றாய். நான் பேசப்போவதில்லை. காரணத்தைத் தொலைபேசியில் சொல்லப் போனால் நீ பாதியில் அழுவாய், இல்லையென்றால் நான் சத்தம் போடுவேன். அதனால்தான் கடிதம்.

அந்த மதிப்பீட்டைத் தீர்ப்பு என்று நீ எடுத்துக்கொண்டிருக்கிறாய். அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பம் வாங்குகிற யூகாஸ் அமைப்பே அதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறது. எல்லாம் நல்லபடியாக அமைந்தால் இந்த மாணவர் எந்தத் தரம் எடுக்கக்கூடும் என்று பள்ளி நம்புகிறதோ, அதுதான் மதிப்பீட்டுத் தரம். அதாவது ஆசிரியர்கள் கொஞ்சம் தாராளமாகவே போடுகிறார்கள். 2016-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தேன். சிறந்த மூன்று பாடங்களை வைத்துப் பார்த்தால், மதிப்பிட்டது மதிப்பிட்டபடியே கிடைத்தவர்கள் 16 சதவீதம்தான். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு மதிப்பீடு உண்மையைவிட உயரமாக இருந்திருக்கிறது. ஆகவே உன் ஏ, பி, பி உன்னை மட்டம் தட்டப் போட்டதில்லை. உன் கணித ஆசிரியை உன்மேல் நம்பிக்கை வைத்துப் போட்டதாகவும் இருக்கலாம். அதற்கும் கீழே போக வாய்ப்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். சொல்லவே கசக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

சரி, நான் பேசி அவர்களும் ஏ என்று போட்டுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள். அப்புறம் என்ன நடக்கும்? அதை நம்பி ஒரு பல்கலைக்கழகம் இடம் தருவதாகச் சொல்லும். ஆனால் சும்மா தராது. ஆகஸ்டு மாதம் முடிவு வரும்போது கணிதத்தில் ஏ இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் தரும். நீ மே, ஜூனில் எழுதுகிற தாளில் பி வந்தால் அந்த இடம் கையைவிட்டுப் போகும். பரிந்து பேசி வாங்கிய ஏ-க்குத் தேர்வுக் கூடத்தில் மதிப்பே கிடையாது.

நம் பட்டறையில் இதை நீ சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாய். தை பிறப்பதற்குள் தரையில் பதிக்கிற பூக்கல் எத்தனை சதுர அடி தருவீர்கள் என்று சென்னையிலிருந்து கட்டடக்காரர்கள் ஐப்பசியிலேயே கேட்பார்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்துச் சாயத்தை ஊற்றுவதற்கு ஆள் இருக்கிறார்கள், அதில் தாமதம் இல்லை. தொட்டியில் ஊறி எழுந்த கல் காய்வதற்குத்தான் வெயில் வேண்டும், அந்த மாதங்களில் வானம் மூடியே கிடக்கும். கூடுதலாகச் சொன்னால் ஆர்டர் அன்றைக்கே உறுதியாகிவிடும், முன்பணமும் வரும். ஆனால் வாயால் சொன்ன கணக்கே பில்லில் ஏறிவிடும். கெடு தவறினால் அவர் வேறு பட்டறைக்குப் போவார், ஈரக் கல்லோடு நான் நிற்க வேண்டியதுதான். அதனால் முடிந்ததைவிடச் சற்றுக் குறைத்தே சொல்வேன். பக்கத்துப் பட்டறைக்காரர் இதற்காக என்னைக் கேலி செய்வதும் உனக்குத் தெரியும்.

எனவே மாற்ற வேண்டியது நீ வைத்திருக்கிற பட்டியலை. நீ அனுப்பிய ஐந்து இடங்களையும் உட்கார்ந்து பார்த்தேன். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வேதிப்பொறியியலுக்கு, ஏ-க்கும் மேலான ஏ ஸ்டார் இரண்டும் ஓர் ஏ-யும் கேட்கிறார்கள். மற்ற நான்கும் அதற்குக் கொஞ்சம் இறங்கி நிற்கின்றனவே தவிர, ஏ, பி, பி-க்கு வருகிற இடம் ஒன்றுகூட அதில் இல்லை. யூகாஸில் மொத்தமே ஐந்து இடம்தான். ஐந்தையும் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, ஒன்றாவது இறங்கி வராதா என்று காத்திருப்பதற்குப் பெயர் துணிச்சல் ஆகாது. இம்பீரியலை எடுத்துவிடு என்று சொல்லமாட்டேன். ஆசைக்கு ஒன்று இருக்கட்டும், அதுவா இன்னொன்றா என்பது உன் விருப்பம். அதற்கடுத்து இரண்டு, உன் மதிப்பீட்டுக்கு நேராக ஏ, பி, பி கேட்கிற இடங்களாக இருக்க வேண்டும். மிச்சம் இரண்டும் மூன்று பி வந்தாலும் எடுத்துக்கொள்கிற இடங்கள். ஸ்வான்சீ, ஆஸ்டன், சர்ரே ஆகிய இடங்களிலும் வேதிப்பொறியியல் இருக்கிறது. பெயர் நம் உறவுக்காரர்களுக்குத் தெரியாது என்பதைத் தவிர அவற்றுக்கு என்ன குறை என்று எனக்குச் சொல். எந்தப் படிப்புக்கு வேதிப்பொறியாளர் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறது என்று பார்த்துக்கொள், தரவரிசைப் பட்டியலில் எத்தனையாவது என்று பார்ப்பதைவிட அது முக்கியம்.

மொத்தத் தரத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதே. ஏ, பி, பி போதும் என்று மேலே போட்டிருப்பார்கள், கீழே சிறிய எழுத்தில் கணிதத்தில் ஏ கட்டாயம் என்று இருக்கும். உன் ஏ வேதியியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடம் உனக்கு ஏ, பி, பி இடமே இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பக்கத்திலும் அந்த வரியைத் தேடிப் படி. நான்கு ஆண்டு முதுநிலைப் பொறியியலான எம்.எங். படிப்புக்குக் கேட்கிற தரத்தைவிட மூன்று ஆண்டு இளநிலையான பி.எங். படிப்புக்குச் சில இடங்களில் குறைவாகக் கேட்கிறார்கள். உள்ளே போய் நன்றாகப் படித்தால் பின்னால் எம்.எங்.-க்கு மாறிக்கொள்ளப் பல இடங்களில் வழி இருக்கிறது. இது என் கண்ணில் பட்டபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

இன்னொன்று. பச்சைச் சாயம் ஏன் வெளிறுகிறது, காவிச் சிவப்பு ஏன் அப்படியே நிற்கிறது என்று பட்டறையில் கேட்டுக் கேட்டுத்தான் நீ வேதியியல் பக்கம் போனாய். அந்தக் கேள்விக்கு வேதிப்பொறியியலைவிட, பொருள்களின் தன்மையை ஆராய்கிற மெட்டீரியல்ஸ் படிப்பு பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பல இடங்களில் அதற்குக் கேட்கிற தரமும் குறைவு. ஆனால் ஐந்து இடத்தில் மூன்றுக்கு ஒரு படிப்பு, இரண்டுக்குச் சம்பந்தமே இல்லாத படிப்பு என்று போடாதே. ஏன் இந்தப் படிப்பு என்று நீயே எழுதுகிற தன்விளக்கம் ஐந்துக்கும் சேர்த்து ஒன்றுதான் போகும். இந்த ஆண்டு அதையும் மூன்று கேள்விகளாகப் பிரித்திருக்கிறார்கள். வேதிப்பொறியியலையும் மெட்டீரியல்ஸையும் ஒரே எழுத்தில் சேர்த்துப் பேசலாம். வேதிப்பொறியியலையும் வணிக நிர்வாகத்தையும் அப்படிப் பேசினால் படிக்கிற இருவருக்குமே நம்பிக்கை வராது. வேறு எங்கெங்கே போட்டிருக்கிறாய் என்று ஒரு பல்கலைக்கழகத்துக்கு அப்போது தெரியாது, அதனால் சிறிய இடத்தைப் போட்டால் பெரிய இடம் தாழ்வாக நினைக்கும் என்கிற பயம் உனக்கு வேண்டாம்.

பதில்கள் வந்த பிறகு இரண்டைத்தான் கையில் வைத்துக்கொள்ள முடியும். முதல் தேர்வு ஒன்று, காப்பாக ஒன்று. இரண்டுக்கும் ஒரே தரம் கேட்கிற இடங்களை வைத்துக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்களாம். முதலாவது போகும்போது இரண்டாவதும் சேர்ந்தே போய்விடும், பிறகு அது என்ன காப்பு? இரண்டாவது இடம் தரத்தில் கட்டாயம் கீழே இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே போய் மூன்று ஆண்டு இருக்க உனக்கு மனம் ஒப்ப வேண்டும். பெயருக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, ஆகஸ்டில் அதுதான் கிடைத்தது என்று அழுவதானால் அந்த இடத்தை இப்போதே எடுத்துவிடு.

ஜூலையில் கிளியரிங் என்று ஒன்று திறக்கும், மிச்சமுள்ள இடங்களில் அப்போது நல்லதாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று உன் தோழி சொன்னதாகச் சொன்னாய். அந்த ஊரிலேயே இருக்கிற பிள்ளைக்கு அது சரி. உனக்கு முடிவே ஆகஸ்டு நடுவில்தான் வரும். அதற்கப்புறம் இடத்தைப் பிடித்து, அவர்கள் உறுதிக் கடிதம் அனுப்பி, விசா போட்டு, செப்டம்பரில் வகுப்பில் உட்கார வேண்டும். விசாவுக்கு ஓராண்டுக் கட்டணமும் ஒன்பது மாதச் செலவுப் பணமும் 28 நாள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் இருந்திருக்க வேண்டும். லண்டன் என்றால் அந்தச் செலவு மாதம் சுமார் 1,500 பவுண்டு என்று கணக்குக் காட்ட வேண்டும், வெளியூர் என்றால் 1,100 பவுண்டுக்கு மேல். பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே. ஆனால் எத்தனை பணம் இருந்தாலும் நாட்களை வாங்க முடியாது.

காரைக்குடியில் ஒருவர் அலுவலகம் வைத்துக்கொண்டு இலவசமாக யோசனை சொல்கிறார். உன் அம்மான் என்னை அங்கே அழைத்துப் போனார். பட்டப் படிப்புக்கு முன்னால் அடித்தள ஆண்டு (ஃபவுண்டேஷன்) ஒன்று சேர்ந்துவிட்டால் பெரிய பல்கலைக்கழகமே கிடைத்துவிடும் என்று காப்பி வரவழைத்துக் கொடுத்துச் சொன்னார். நம்மிடம் காசு வாங்காதவருக்குச் சம்பளம் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. அடித்தள ஆண்டு பொய்யில்லை, சிலருக்கு அதுதான் சரியான வழி. ஆனால் ஏ, பி, பி கையில் இருக்கும்போது ஓர் ஆண்டுக் கட்டணத்தையும் ஓர் ஆண்டு வயதையும் அதிகமாகக் கொடுத்து அதே படிப்புக்குப் போவானேன்? காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

உறவுக்காரர்கள் பேச்சைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உன் அழுகையில் பாதி அதுதான் என்று எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் "பிள்ளை எங்கே படிக்கிறது" என்று கேட்பார்கள். இம்பீரியல் என்றால் புருவத்தை உயர்த்துவார்கள், ஸ்வான்சீ என்றால் "அது எங்கே இருக்கிறது" என்பார்கள். கடல் கடந்து பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன நம் ஆட்கள் எல்லோருமா ரங்கூன் நகரத்தில் கடை வைத்தார்கள்? ஐராவதிக் கழிமுகத்தில் வாயில் நுழையாத பெயருள்ள ஊர்களில் போய் உட்கார்ந்து பெட்டியடி நடத்தியவர்களும் கட்டிய வீடுகள்தான் இந்த ஊர்கள் முழுக்க நிற்கின்றன. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற வேலையை என்னிடம் விட்டுவிடு. எனக்கு அது பிடித்தமான வேலை.

எதுவுமே அமையவில்லை என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் கணிதத்தை மட்டும் மறுபடி எழுதலாம், முடிவு ஜனவரியில் வரும். கையில் வந்த தரத்தை வைத்து அடுத்த ஆண்டுக்கு விண்ணப்பித்தால் மதிப்பீடு என்ற பேச்சே இருக்காது. காரைக்குடியில் இருக்கிற நம் சிக்ரியையும், அதுதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஒதுக்கிவிடாதே. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். வேதி, மின்வேதிப் பொறியியலில் பி.டெக். அங்கேயே இருக்கிறது. உன் முடிவு ஆகஸ்டில் வருவதால் இங்குள்ள கலந்தாய்வுக்கு வருகிற ஆண்டு உன்னால் நேரத்துக்கு வர முடியாது, அதற்கடுத்த ஆண்டு முடியும். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம் என்பது உனக்கு அலுப்பாக இருக்கும், உன் ஆத்தாவுக்கு அதுதான் முதல் விருப்பம். அவள் சொல்லச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

கடைசி நாள் ஜனவரி 14, லண்டன் நேரம் மாலை ஆறு மணி. நமக்கு அன்று போகி, இரவு பதினொன்றரை. ஆசிரியர் தம் பரிந்துரையைச் சேர்த்த பிறகுதான் விண்ணப்பம் போகும். உன் பள்ளி அதற்கு முன்பே ஒரு தேதி வைத்திருக்கும், அதைக் கேட்டு எனக்கு எழுது. முதல்வரிடம் நான் பேசாவிட்டாலும், கணித ஆசிரியையிடம் நீயே போய், எந்தப் பகுதியில் மதிப்பெண் போகிறது என்று கேள். தரத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்காதே, அதை மட்டும் கேள்.

பிள்ளையார் நோன்புக்கு வந்துவிடு. அன்று திரியிட்டு ஏற்றிச் சுடரோடு எடுத்துக்கொள்கிற இழை மாவுக்கு அப்பத்தா இப்போதே ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறாள், சீப்புச் சீடைக்கும் சொல்லியாயிற்று. இழை எடுத்துக்கொண்ட மறுநாள் காலை நீயும் நானும் வீட்டு வளவில் உட்கார்ந்து பட்டியலை முடித்துவிடுவோம். நீ புதிதாக ஐந்து எழுதிக்கொண்டு வா, நானும் ஐந்து எழுதி வைக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களை மட்டும் பேசினால் போதும். பழைய கணித வினாத்தாள்களையும் பையில் வை. பல்லவன் ரயிலில் டிக்கெட் கிடைத்ததும் சொல், காரைக்குடி ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
அப்பச்சி