யாரும் கட்டாத கரை

அன்பு மகளுக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்தன. வட சிக்கிமின் பனியேரிகளை அளக்கும் குழுவில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று படித்ததும் அம்மா கம்பளிச் சட்டை, காலுறை என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டாள். நானோ ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளிறிய பச்சை நீர், அதைத் தேக்கி நிற்கும் சாம்பல் நிற மேடு. அந்த மேட்டைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும்.

அந்த மேட்டின் பெயர் மொரைன்; அது எப்படி உருவாகிறது என்பது உனக்குப் பாடம். பனியாறு மலையைச் சுரண்டியும், மேலே விழுந்த பாறைகளைச் சுமந்தும் வந்து, உருகும் இடத்தில் இறக்கிவிட்ட குவியல் அது. ஆற்றுநீர் கொண்டுவருவது கனத்துக்கேற்பப் பிரிந்து படியும். பனியோ மாவு போன்ற தூளையும் வீட்டளவுப் பாறையையும் ஒரே இடத்தில் கொட்டிவிடும். பொதுப்பணித் துறையில் மண் அணைகளோடும் ஏரிக்கரைகளோடும் காலம் கழித்த எனக்கு அதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. நாங்கள் கரை போட்டால் மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, நீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்குவோம். நீர் ஊடுருவாதபடி நடுவில் களிமண் வைப்போம். மிஞ்சிய நீர் வழியக் கலிங்கு கட்டுவோம். மொரைனில் இவை எதுவும் கிடையாது. போதாததற்கு அதன் வயிற்றில் பழைய பனிக்கட்டி புதைந்திருக்கலாம். அது உருக உருகக் கரை உள்ளுக்குள் அமுங்கும்.

வட சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியில் நடந்ததை உன் குழு எனக்கு மேல் அறிந்திருக்கும். 2023 அக்டோபர் 3 இரவு, பக்கவாட்டு மொரைனில் உறைந்து கிடந்த சுமார் 1.47 கோடி கன மீட்டர் மண்ணும் கல்லும் ஏரிக்குள் சரிந்தன. ஏறக்குறைய 20 மீட்டர் உயர அலை எழுந்து முன்கரையை உடைத்தது. சுமார் 5 கோடி கன மீட்டர் நீர் பாய்ந்து இறங்கி, சுங்தாங்கில் 60 மீட்டர் உயரத்தில் நின்ற தீஸ்தா அணையை அடித்துக்கொண்டு போனது. மனிதர்கள் எத்தனை கவனமாகக் கட்டிய அணை அது! உடைந்தது முன்கரைதான், ஆனால் உடைத்தது பக்கக்கரை. ஆகவே பக்கச் சரிவுகளை முதலில் அள, அம்மா.

கேதார்நாத்துக்கு மேலிருந்த சோராபாரி ஏரியின் கதை வேறு. அங்கே மழையும் உருகிய பனியும் ஏரியை நிரப்பின. வழிய இடமில்லாமல் 2013 ஜூன் 17 காலையில் மொரைன் கரை உடைந்தது. கலிங்கு இல்லாத கரைக்கு நேர்வது அதுதான். நேபாளத்தின் இம்ஜா ஏரியில் 2016இல் ராணுவத்தார் மொரைனை வெட்டி, மதகு வைத்த கால்வாய் அமைத்து, நீர்மட்டத்தை 3 மீட்டருக்கு மேல் இறக்கினார்கள். அந்த உயரத்தில், அந்தக் குளிரில் செய்த வேலை. அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. சரிவு விழுந்தாலும் அலை கரையைத் தாண்டாமல் தடுக்க உயரம் மிஞ்சும் அல்லவா?

கரையின் வெளிச்சரிவு அடியில் கசிவு இருக்கிறதா என்று கட்டாயம் பார். கசிவதே ஆபத்து என்று நினைக்காதே. மண்ணை அரித்துக்கொண்டு கசிந்தால்தான் ஆபத்து. பனியாற்று நீர் இயல்பாகவே பால் போலிருப்பதால் வெறும் கண்ணுக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஏரி நீரை ஒரு குப்பியிலும் கசிவு நீரை இன்னொன்றிலும் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வை. கசிவு ஏரியைவிடக் கலங்கலாக இருந்தால் உள்ளிருந்து மண் கழன்று வருகிறது. உச்சியில் புதிய விரிசல், திடீர்க் குழிகள் தென்பட்டால் அன்றே குறித்துத் தலைவரிடம் சொல். சின்னது என்று விட்டுவிடாதே.

வெளிச்சம் இருக்கும்போதே கூடாரத்துக்கு இடம் தேர்ந்தெடுங்கள். ஓடையோரச் சமதளம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் வேண்டாம். மேலே, பாறைத் தரையில் போடுங்கள். அம்மா அனுப்பும் பொட்டலத்தில் பருப்புப் பொடியும் இருக்கிறது. கீழே இறங்கியதும் அந்த இரண்டு குப்பிகளும் எப்படி இருந்தன என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா