சிக்னலும் ஒரே போனும்

ஆசிரியருக்கு,

இணையவழி வகுப்பில் மலையகப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்பது மேலோட்டமான முடிவு. பயனுள்ளது, இலகுவானது என்று தோன்றும் முறைமையைத்தான் பயனர் ஏற்பார் என 1989இலேயே தொழில்நுட்ப ஏற்பை ஆராய்ந்த பிரெட் டேவிஸ் விளக்கினார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இவ்விரண்டுக்கும் முன்னே சிக்னல் தடையாக நிற்கிறது.

ஒரு மணிநேர ஸூம் வகுப்பு, காணொளித் தெளிவைப் பொறுத்து, 500 எம்.பி.யையும் தாண்டும். அதே பாடம் குரல்பதிவாகவும் பீ.டி.எஃப். குறிப்பாகவும் வட்ஸ்அப்பில் வந்தால் சில பத்து எம்.பி. போதும். பல வீடுகளில் இருக்கும் ஒரே போன் பகலில் பெற்றோருடன் தேயிலை மலைக்கு வேலைக்குப் போய்விடும், நேரலை யாருக்கு? பதிவென்றால் மாலையில் கேட்கலாம். கற்றல் தளக் கணக்கின் கடவுச்சொல் மறந்தால் மீட்க மின்னஞ்சல் கேட்கிறார்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம்!

கல்வி அமைச்சின் இணையவழிக் கற்றல் தளமான ஈ-தக்சலாவவில் தமிழ்ப் பாடங்கள் உண்டு. ஆசிரியர்களே, பாடசாலைக் கணினி அறையிலேயே பிள்ளையின் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதவைத்து, ஒரு பாடத்தைத் தரவிறக்கிக் காட்டுங்கள்.

தகவல் தொழில்நுட்ப ஆசிரியை,
ஹட்டன்.