காஷ்மீர் ஆப்பிள் கன்று ஏன் விற்பதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பனிக்காலம் தொடங்கிவிட்டால் குன்னூரில் உள்ள நம் நாற்றுப்பண்ணைக்கு வந்து காஷ்மீர் ஆப்பிள் கன்று கேட்பவர்கள் கூடிவிடுகிறார்கள். இல்லை என்றால், "ஊட்டியில புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடக்குதே, இதுக்கு மேல என்னங்க குளிர் வேணும்?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறோம்.

ஆப்பிள், பீச், பிளம்ஸ் எல்லாம் இலை உதிர்த்து உறங்கும் மரங்கள். உறக்கம் கலைய, ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழான குளிர் பல நூறு மணி நேரம் சேர வேண்டும். காஷ்மீரில் விளையும் ரெட் டெலிசியஸ் போன்ற ரகங்களுக்கு 800 மணி நேரமாவது வேண்டும். நம் மலையில் விடியற்காலையில் உறைபனி. பத்து, பதினோரு மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருக்கிறது. பகல் 20 டிகிரியைத் தாண்டினால், இரவில் சேர்ந்ததிலும் கொஞ்சம் கழிந்துவிடும். குளிர் கடுமைதான், நீடிப்பதில்லை.

குளிர் போதாத இடத்தில் வைத்த மரம் சாகாது, அதுதான் தொல்லையே. பங்குனியில் பார்த்தால் கிளை நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை இருக்கும். அதற்குக் கீழே முழ நீளத்துக்கு வெறும் குச்சி, அதில் திறக்காமலே பழுப்பேறிய மொட்டுகள். பூவும் ஒரே நேரத்தில் வராது, மாதக்கணக்கில் ஒன்றிரண்டாக எட்டிப்பார்க்கும். இந்தோனேசியாவில் மலாங் அருகே பாத்து என்ற ஊரில் இலைகளைக் கையால் உருவிவிட்டே மரத்தைத் துளிர்க்க வைத்து, வருடத்துக்கு இரண்டு காய்ப்பு எடுக்கிறார்கள். வீட்டில் ஒற்றை மரம் வைத்திருப்பவர்கள் செய்து பார்க்கலாம்; தோட்டக்காரருக்குக் கூலி கட்டாது.

ஆகவே, குளிர் குறைவாகக் கேட்கும் ஒட்டுக்கன்றுகளையே வைத்திருக்கிறோம்: இஸ்ரேலில் உருவான ஆன்னா ஆப்பிள், பஹாமாஸிலிருந்து வந்த டார்செட் கோல்டன், கீஃபர் பேரி, பிளம்ஸ், பெர்சிமன். செர்ரி கேட்காதீர்கள்.

டூலிப் கிழங்கு ஆசையும் பலருக்கு உண்டு. 12 வாரமாவது ஃப்ரிட்ஜில் 5 டிகிரி அளவில் வைத்து நட்டால் ஒரு பருவம் பூக்கும், மறு வருடம் பெரும்பாலும் இலையோடு சரி. ஃப்ரிட்ஜில் பக்கத்தில் ஆப்பிள் பழம் இருக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள்ளேயே பூவைக் கெடுத்துவிடும். இத்தனை பாடுபடுவதற்குப் பதில் ஹைட்ரேஞ்சியா, ஃபுக்சியா, கமேலியா வையுங்கள். லண்டன்காரர்கள் பொறாமைப்படுவார்கள்.

வெங்காய விதையில் ஏமாறுகிறவர்களும் உண்டு. ஐரோப்பிய ரகங்கள் பல, பகல் 14 மணி நேரத்துக்கு மேல் நீண்டால்தான் காய் பிடிக்கும். நமக்கு ஆனி மாதத்திலும் பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். தாள் மட்டும் செழிக்கும்.

உறைபனி பள்ளத்தில் தேங்கும். கேரட், முட்டைக்கோஸ் தாங்கும். உருளைக்கிழங்கு, மரத்தக்காளி, இளம் பட்டர் ஃப்ரூட் கன்று கருகிவிடும். மாலையில் காய்ந்த புல்லால் மூடி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

கன்று வாங்க வரும்போது தோட்டம் எந்த ஊர், மேடா பள்ளமா என்று சொல்லுங்கள். கூடலூருக்குக் கொடுப்பதை ஊட்டிக்குக் கொடுக்க முடியாது. ஆன்னா வாங்குபவர்கள் மகரந்தத்துக்காக டார்செட் கோல்டனும் ஒன்று சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நாற்றுப்பண்ணையார், குன்னூர்