மாரிக்கு, பட்டர்வொர்த்திலிருந்து

அன்புள்ள மாரி,

இங்கே எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் நலந்தானே? போனில் சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படி.

உன் பேரன் படம் பார்த்தேன். நெற்றி அப்படியே உன் அம்மா நெற்றி. பிறந்து 3 மாதமாகிறது, மகள் மெல்பர்னிலிருந்து வா வா என்கிறாள், நீ முட்டிவலி என்கிறாய். முட்டிவலி இல்லை என்று எனக்குத் தெரியும். "நமக்குத்தான் கேஸ் இருக்கேடா" என்று அன்றிரவு சொன்னாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அந்தக் கேஸில் உன்னை இழுத்துவிட்டவன் நான்.

1997-இல் அந்த அடிதடிக் கேஸில் நமக்கு வந்தது ஒரே தீர்ப்பு இல்லை, மாரி. பாட்டிலை எடுத்தது நான். எனக்கு ஆயுதத்தால் காயப்படுத்தியதற்கான 324-ஆம் பிரிவு, 14 மாதம் சிறை. உனக்கு வெறுமனே காயப்படுத்தியதற்கான 323, ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) அபராதம். அதைக் கட்டிவிட்டு அன்றே வீட்டுக்குப் போனாய். ஆனால் இத்தனை வருஷமும் நீயும் என்னோடு உள்ளே இருந்தவன் மாதிரியே வாழ்ந்துவிட்டாய். பக்கத்துத் தாய்லாந்தில் இருக்கும் ஹட்யாய்க்குக்கூடப் போனதில்லை.

ஆஸ்திரேலியாக்காரன் கணக்கு 12 மாதம். எல்லாத் தண்டனையும் சேர்த்து 12 மாதமோ அதற்கு மேலோ சிறை என்று தீர்ப்பானால்தான் அவர்கள் குடிநுழைவுச் சட்டத்தின் 501-ஆம் பிரிவு அதைப் பெரிய குற்றப் பதிவாக எடுத்துக்கொள்கிறது. உள்ளே எத்தனை நாள் இருந்தோம் என்பது கணக்கில்லை, தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். கழிவு போக நான் இருந்தது 9 மாதம் சொச்சம், ஆனாலும் எனக்கு 14 தான். உனக்கோ தீர்ப்பில் ஒரு நாள் சிறைகூட இல்லை. மலேசியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) உள்ளவர்கள் போனிலேயே எடுக்கும் இடிஏ என்ற பயண அனுமதியை நீயும் கேட்கலாம். 20 ஆஸ்திரேலிய டாலர்தான் கட்டணம்.

அந்த விசா ஏஜென்ட் சொன்னதைக் கேட்காதே. "இல்லை என்று போடு, யாருக்குத் தெரியப் போகிறது" என்கிறவன் விமானத்தில் உன்னோடு வரமாட்டான். குற்றம் உண்டா என்று கேட்டால் உண்டு என்றே போடு. கூடுதலாக விசாரித்தால் 600 வகை வருகையாளர் விசாவுக்கு மனுச் செய்யலாம். அபராதம் உன்னைத் தடுக்காது, பொய்தான் தடுக்கும். விசா மனுவில் பொய் சொன்னது தெரிந்தால் 3 வருஷத்துக்கு அடுத்த விசாவும் சிக்கல்.

2023-இல் என் மகன் பட்டமளிப்புக்கு நான் பெர்த் போனது உனக்குத் தெரியும். எப்படிப் போனேன் என்று சொன்னதில்லை. எனக்கு இடிஏ கிடையாது, 600 தான். மறுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, மறுத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை நம்பி மனுப் போட்டேன். வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் 20 வெள்ளி கட்டி நன்னடத்தைச் சான்றிதழுக்கு மனு, கோர்ட்டுத் தீர்ப்பு நகல், நடந்ததை ஒளிக்காமல் நானே எழுதிய ஒரு பக்கக் கடிதம். அப்புறம் என் முதலாளி தவுக்கேயிடமும் ஒரு கடிதம் வேண்டியிருந்தது. 19 வருஷமாக அவரிடம் சொல்லாத விஷயம். பட்டறையில் எல்லாரும் போனபிறகு சொன்னேன். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு என் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கையில் கிரீஸ் இருந்தது, துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். வெளியே வந்து லாரிக்குப் பின்னால் நின்று அழுதேன்டா.

7 வாரம் கழித்து விசா வந்தது. விமானத்தில் ஒரு அட்டை கொடுப்பார்கள். அதிலும் அதே கேள்வி, குற்றத் தீர்ப்பு ஏதாவது உண்டா என்று. ஆம் என்ற கட்டத்தில் பெருக்கல் குறி போடும்போது பேனா நடுங்கியது. பெர்த்தில் தனியாக உட்காரவைத்து முக்கால் மணி நேரம் கேட்டார்கள். விசா மனுவில் எழுதியதையே திரும்பச் சொன்னேன். இரண்டும் ஒத்துப்போனது. போகச் சொல்லிவிட்டார்கள்.

எல்லா நாடும் ஒன்றில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவனை, எத்தனை பழைய கேஸானாலும், ஜப்பான் சாதாரணமாக உள்ளே விடாது. போதைப்பொருள் என்றால் இன்னும் கடுமை. 1994-இல் மரடோனாவையே விடவில்லை, அர்ஜென்டினா ஆட்டமே வேண்டாம் என்று விலகியது, ஞாபகம் இருக்கா? இங்கிலாந்தும் வருகையாளருக்கு 12 மாதக் கணக்குத்தான், அதனால் எனக்கு லண்டன் இல்லை, உனக்கு உண்டு. அமெரிக்கா விசா பாரத்தில் கைதானது உண்டா என்றே கேட்பார்கள், மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லவேண்டும். இதெல்லாம் உனக்கு இப்போது தேவையில்லை. உனக்கு மெல்பர்ன்தான்.

இன்னொரு பயம் உனக்கு, இங்கேயே கோலாலம்பூர் விமான நிலையத்தில், கேஎல்ஐஏவில், நிறுத்திவிடுவார்களோ என்று. பழைய கேஸ் வேறு, பயணத்தடை வேறு. தடை வருவது வரிப் பாக்கி, திவால் மாதிரி விஷயங்களுக்கு. நம் குடிநுழைவுத் துறை இணையத்தளத்தில் அடையாளக் கார்டு எண்ணைப் போட்டால் தடை உண்டா இல்லையா என்று காட்டும். உன் எண் எனக்கு மனப்பாடம், ஆனால் நீயே போட்டுப் பார்.

நம் திடலில் இப்போது அடுக்குமாடி எழும்புகிறது. ஆலமரம் மட்டும் நிற்கிறது. தங்கச்சிக்குப் பிடித்த முறுக்கு வாங்கி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் கேஎல் சென்ட்ரல் வருகிறேன். அம்மாவின் இரும்புப் பெட்டியில் அந்த அபராத ரசீது இருக்கும், கோர்ட்டுக் காகிதமும் அங்கேதான் இருக்கும். தேடி எடுத்து வை. கடப்பிதழுக்குப் புகைப்படம் எடுக்கச் சட்டையும் ஒன்று தேய்த்து வை.

உன்,
செல்வம்