எம்-புக்கை ஏன் மறைக்கிறீர்கள்? நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. சென்னையில் இருக்கிறது, மக்கள் வரிப்பணத்தில் நடக்கிறது. மீதியைப் படித்தால் உங்களுக்கே புரிந்துவிடும். நான் வேறொரு அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி உங்களிடமே வாங்கிய நகல்களைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கேட்டதில் எம்-புக், அதாவது செய்த வேலையின் அளவை எழுதிவைக்கும் புத்தகத்தின் பக்கங்களை மட்டும் நீங்கள் தரவில்லை.

பெயிண்டிங் வேலைக்கு மூன்று கொட்டேஷன். மூன்று லெட்டர்பேடு, மூன்று ரப்பர் ஸ்டாம்ப், மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. அது போகட்டும், ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்து வரும் பத்தும் உரிமையாளரின் பான் எண். எல்-1 ஆக, அதாவது ஆகக் குறைந்த விலை சொல்லி வந்தவருக்கும், அடுத்த குறைந்த விலை சொல்லி எல்-2 ஆக வந்தவருக்கும் அந்தப் பத்தும் அட்சரம் பிசகாமல் ஒன்றுதான்! தன்னோடு தானே போட்டி போட்டு ஜெயித்திருக்கிறார் மனிதர். கோப்பில் நான்கு பேர் கையெழுத்து இருக்கிறது. ஒருவர் கண்ணிலுமா படவில்லை?

கட்டடம் ஒன்றுதான். ஆனால் வேலையை மாடி மாடியாகத் துண்டு போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் டெண்டர் விடவேண்டிய வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் தமிழ்நாட்டில் 1998-லேயே வந்துவிட்டது. அதைச் சுற்றிப் போகும் குறுக்குவழிக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

வாடகைக் கார் பில்கள் இன்னொரு கூத்து. ஒரே வண்டி, ஒரே நாள் காலையில், சென்னையின் வடகோடித் திருவொற்றியூரிலும் தென்கோடிச் சோழிங்கநல்லூரிலும் 'ஆய்வுப் பணி' பார்த்திருக்கிறது. 1996-ல் வெளிவந்த பீகார் மாட்டுத்தீவன ஊழலில், சரக்கு ஏற்றியதாகக் காட்டிய வண்டி எண்களில் ஸ்கூட்டர் எண்களும் இருந்தன. அன்று தணிக்கைக்காரர்கள் மெனக்கெட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இன்று கைபேசியில் எம்பரிவாகன் ஆப் இருந்தால் போதும், எந்த எண் எந்த வகை வண்டி என்று தெரிந்துவிடும். உங்கள் பில் பிரிவில் யாரிடமும் அது இல்லை போலும்.

இதெல்லாம் சில்லறை. பெரிய பணம் போவது எம்-புக்கில். உதவிப் பொறியாளர் அளவெடுத்து எழுதுகிறார், மேலே இருப்பவர் 'செக் மெஷர்மென்ட்' (அளவைச் சரிபார்த்தாயிற்று) என்று கையெழுத்துப் போடுகிறார், அந்த அளவை வைத்துத்தான் பில் பாஸ் ஆகிறது. டெண்டர் பெட்டிக்கு அடியாட்கள் காவல் நின்ற காலம் போய் ஆன்லைன் டெண்டர் வந்தது நல்லதுதான். ஆனால் கான்ட்ராக்டர் குறைந்த ரேட்டுக்கு எடுத்துவிட்டு, விட்டதை அளவில் பிடித்துக்கொள்ளலாம். நீளத்தை இரண்டு மீட்டர் கூட்டி எழுத எந்த இணையதளமும் தடையாக இல்லை. நான் கேட்ட நகல்களில் எம்-புக் பக்கங்களை மட்டும் 'மூன்றாம் தரப்புத் தகவல்' என்று மறுத்திருக்கிறீர்கள். பொதுக் கட்டடத்தின் சுவர் எத்தனை சதுர மீட்டர் என்பது எந்த மூன்றாம் தரப்பின் ரகசியம்? தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே), வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரியைச் சான்றுடன் பெறவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது.

உள் விசாரணைக் குழு அமைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம். பில்லில் கையெழுத்துப் போட்டவர்களே அதில் உட்காருவார்கள். லஞ்ச ஒழிப்புத் துறைக்கு அனுப்புங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018 திருத்தத்தில் வந்த 17ஏ பிரிவின்படி, அதிகாரிகள் எடுத்த முடிவுகளை விசாரிக்க முன் அனுமதி வேண்டும் என்பது தெரியும். அந்த அனுமதிக் கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால் கிடப்பில் போடாதீர்கள், அவ்வளவுதான்.

இனி பாஸ் ஆகும் ஒவ்வொரு பில்லோடும் எம்-புக் பக்கம், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம், வண்டி எண் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றுங்கள். ஸ்கேனர் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று. அந்தப் பெயிண்டிங் கோப்பின் ஓரத்தில், 'இரு நிறுவனங்களின் பான் எண்ணும் ஒன்றாக உள்ளது, ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று பென்சிலில் ஒரு குறிப்பு இருக்கிறது. எழுதிய உதவியாளரை அடுத்த மாதமே ஸ்டோருக்கு மாற்றிவிட்டீர்கள். எம்-புக்கை ஏற்ற நாளாகலாம். அவரைக் கணக்குப் பிரிவுக்குத் திருப்பி அனுப்பும் உத்தரவுக்கு ஒரு பக்கத் தாள் போதும், அதை இந்த வாரமே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்
சென்னை