பொருந்தாத அளவில் டயரும் மேக் வீலும் மாட்டிக் கொடுத்தது குறித்துப் புகார்

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
டயர் மற்றும் வீல் விற்பனைப் பிரிவு,
டர்பன்.

ஐயா,

வணக்கம். கவுண்டரில் நாம் தமிழில்தான் பேசினோம் என்பதால் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

சென்ற மாதம் என் போலோ விவோ காருக்கு உங்கள் கடையில் 16 அங்குல மேக் வீல் (அலாய் சக்கரம்) நான்கும் அவற்றுக்கு டயரும் வாங்கினேன். மொத்தம் 14,600 ரேண்ட். பில் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். காரில் முன்பு இருந்தது 175/70 ஆர்14, அதாவது டயரின் அகலம் 175 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், வீல் 14 அங்குலம். "அழகுக்காக மட்டும் மாற்றவில்லை, குடும்பத்தோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை அடிக்கடி போகிற வண்டி, மொத்த உயரம் மாறாமல் பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லித்தான் ஆர்டர் கொடுத்தேன். உங்கள் விற்பனையாளர் தலையாட்டிவிட்டு 205/55 ஆர்16 மாட்டினார்.

கணக்கு கஷ்டமானதல்ல. பழைய டயரின் விட்டம் சுமார் 601 மி.மீ. நீங்கள் மாட்டியது 632. ஐந்து சதவீதத்துக்கும் மேல் கூடுதல். மூன்று சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று டயர் கடைக்காரர்களே சொல்வார்கள். 195/50 ஆர்16 போட்டிருந்தால் 601-தான் வந்திருக்கும். 15 அங்குலமே போதும் என்றிருந்தால் 185/60 ஆர்15 இருக்கிறது, அது 603. கடையில் கையிருப்பில் இருந்த அளவு என் காருக்கு வந்துவிட்டது என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் முன் டயர் உள் லைனரில், அதாவது சக்கரத்துக்கு மேலே உள்ள மறைப்பில், உரசுகிறது. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து ஸ்பீட் ஹம்ப் ஏறினால் பின்பக்கமும் உரசுகிறது. சாட்ஸ்வர்த்தில் ஹம்ப் இல்லாத தெரு எங்கே இருக்கிறது? வேக மீட்டரும் கெட்டுவிட்டது. முன்பு 120 என்று சரியாகக் காட்டியிருந்தால், இப்போது அதே 120-இல் வண்டி ஓடுவது 126. என்3 நெடுஞ்சாலையில் கேமரா பிடித்தால் அபராதம் எனக்குத்தான் வரும்.

இதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். நூறைத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்கியது. பேலன்சிங் சரியில்லை என்று நினைத்து வேறொரு பட்டறைக்குப் போனேன். கழற்றிப் பார்த்தவர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். மேக் வீலின் நடுத் துளை 73.1 மி.மீ., அது உட்காரும் காரின் ஹப் 57.1. இடையில் போட வேண்டிய வளையமே இல்லை. அதைவிட மோசம், போல்ட். கம்பெனி போல்ட் தலையின் அடிப்பகுதி உருண்டை, உங்கள் மேக் வீலின் துளையோ கூம்பு. ஒன்றில் ஒன்று முழுதாக உட்காராமல் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. இப்படி மாட்டினால் போல்ட் தளரும், ஓடும்போதே சக்கரம் கழன்று போகலாம். ஐந்து போல்ட் துளை, அவை அமைந்த 100 மி.மீ. வட்டம் பொருந்திவிட்டது, வேலை முடிந்தது என்று உங்கள் ஆட்கள் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

உங்களிடம் போனில் சொன்னபோது, "லைனரைக் கொஞ்சம் வெட்டிவிடலாம் அங்கிள்" என்றீர்கள். என் காரை வெட்டி உங்கள் டயருக்கு இடம் பண்ண வேண்டுமா? அது சரிப்படாது. அப்படி வெட்டியதை இன்சூரன்ஸ்காரரிடமும் நான்தான் சொல்ல வேண்டும்.

2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எண் 68, எந்தத் தேவைக்கு என்று சொல்லி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. பொருந்தாவிட்டால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதை வாங்கியவர்தான் முடிவு செய்வார். நான் கேட்பது பணம். முழுத் தொகையும், பட்டறையில் கொடுத்த பரிசோதனைக் கட்டணமும் வேண்டும். அப்புறம், என் பழைய நான்கு சக்கரங்களையும் போல்ட்டுகளையும் உங்கள் ஆட்களே கழற்றி மாட்டித் தர வேண்டும். அந்தச் சக்கரங்களைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன். விற்றுவிட்டிருந்தால் அதே அளவில் வேறு நான்கு வாங்கித் தாருங்கள்.

பட்டறையில் எழுதிக் கொடுத்த அறிக்கையையும் படங்களையும் இணைத்திருக்கிறேன். பத்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் இதே தாள்கள் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் போகும். அதுவரை கார் வீட்டில்தான் நிற்கும், எடுத்துப் போக உங்கள் செலவில் வண்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சாட்ஸ்வர்த்.